அடியில் ஒன்றும் இல்லாத மலை

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் காலை, நான் வேலை பார்க்கும் பள்ளியின் அலுவலகத்தில் ரசீதுப் புத்தகங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது என் மகனிடமிருந்து செய்தி வந்தது. அவன் அமெரிக்காவில், டென்வர் நகரத்தில் வேலை பார்க்கிறான். மூன்று மலைகளின் பெயர்களை எழுதி, கீழே இப்படி முடித்திருந்தான்: “மம்மி, இதுல ஒண்ணு நீ சொல்லு. வேணாம்ன்றது லிஸ்ட்ல இல்ல.”

ஜனவரியில் அவனும் அலுவலக நண்பர்களும் மூன்று நாள் பனிச்சறுக்குக்குப் போவதாகப் பேச்சு. ஆளுக்கொரு மலையைச் சொல்லி, முடிவுக்கு வராமல் இருந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் எங்கே போனாலும் ரயில், தங்குமிடம், எந்தக் கடையில் சாப்பாடு என்பதுவரை திட்டம் போடுவது என் அம்மாதான், அவளிடம் விடுங்கள் என்று இவன் சொல்லியிருக்கிறான். அவர்களும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்களாம்.

உண்மையான காரணம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். அவன் பள்ளியில் நந்தி மலைக்கு அழைத்துப்போனார்கள், வேண்டாம் என்றேன். கல்லூரியில் சிக்மகளூர், வேண்டாம் என்றேன். பக்கத்துக் கோலாரில் அந்தரகங்கைக் குகைக்குப் பையன்கள் பைக்கில் போனார்கள். அதற்கும் அதே பதில். அவன் ஒருமுறைகூடச் சண்டை போட்டதில்லை. சரி மம்மி என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவான். பெங்களூர் விமான நிலையத்தில் விடைபெறும்போது மட்டும், பெட்டியைத் தள்ளிக்கொண்டே, “அங்க மலைங்க ஜாஸ்தி மம்மி” என்றான். சும்மா சொல்வதுபோலத்தான் சொன்னான்.

ஆகவே இந்தமுறை அவன் போகப்போகிறான். நான் ஒரு மலையைச் சொன்னால் என் சம்மதத்தோடு போவான். சொல்லாவிட்டால், முதல்முறையாக என் ‘வேண்டாம்’ என்பதைத் தாண்டிப் போவான். அப்படி ஒருமுறை போய்விட்டால், அதன்பிறகு என்னிடம் எதையும் கேட்க மாட்டான். அந்தப் பயமும், அவன் போவதைப் பற்றிய பயமும் ஒரே அளவில் இருந்தன.

அன்று மாலை டைரியில் ஒரு பக்கத்தை எடுத்துக் கோடு போட்டேன். ஒவ்வொரு மலைக்கும் டென்வரிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், எவ்வளவு குளிர், பக்கத்தில் மருத்துவமனை உண்டா, அறை வாடகை என்ன. கடைசியாக ஒரு கட்டம் விட்டேன். அதற்குத் தலைப்பு எழுதவில்லை.

என் கணவர் பின்னால் வந்து நின்று எட்டிப்பார்த்தார். அவர் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கும் வேலையில் இருந்தவர். சுரங்கத்தை மூடியபிறகு, மாரிகுப்பத்திலிருந்து தினமும் ரயிலேறி, பெங்களூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்றார். இப்போது ஸ்கெலட்டன் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலுக்கு மட்டும் காவல் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

“பத்தாயிரத்து நானூறு அடியா?” என்றார். “அவ்ளோ ஆழத்துல எவன் நிப்பான்? சூடு தாங்குமா?”

“ஆழம் இல்லீங்க. உயரம்.”

 தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். “நம்ம ஊரு புத்தி. அடின்னு சொன்னாலே கீழ தான் போவுது.” தலைப்பில்லாத கட்டத்தில் விரலை வைத்தார். “இது இன்னாமே, மொட்டையா கீது?”

“அடியில என்ன இருக்குன்னு எழுதறதுக்கு.”

“பனிக்கு அடியில மண்ணு. மண்ணுக்கு அடியில கல்லு. அவன் இன்னா தோண்டவா போறான்? மேலாக்க சறுக்கினு வரப்போறான். இதுக்குப் போயி ஒரு கட்டம்.”

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் என்னால் அந்தக் கட்டத்தை அடிக்க முடியவில்லை.

முதல் மலை கொலராடோவிலேயே இருந்தது. டென்வரிலிருந்து காரில் போய்விடலாம், வாடகையும் குறைவு. கடைவீதியின் படங்கள் அழகாக இருந்தன. மரவீடுகள், ஜன்னல்களில் மஞ்சள் விளக்கு. வரைபடத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிக்கொண்டே போனேன். மலைச்சரிவில், ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்த இரண்டு சின்னச் சுத்தியல்கள் தெரிந்தன. இன்னும் பெரிதாக்கினேன். இன்னொரு ஜோடி. இன்னொன்று. அந்தக் குறி எங்கள் ஊரில் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். சுரங்கம். பழைய தங்கம், வெள்ளிச் சுரங்கங்கள் இருந்த மலையில்தான் இப்போது சறுக்குகிறார்கள். சறுக்குப் பாதைகளுக்கே அந்தச் சுரங்கங்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். ஒரு படத்தில், சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாப்டின் மேலே நிற்கும் கோபுரம், எங்கள் ஊரில் நிற்பதைப் போன்றதேதான், மரத்தால் ஆனது, பாதிவரை பனியில் புதைந்து நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு சிவப்புத் தொப்பி போட்ட குழந்தைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். போய்வந்த ஒருவர் எழுதியிருந்தார்: ஓரிடத்தில் பனி உள்வாங்கியிருந்தது, கயிறு கட்டி வைத்திருந்தார்கள், அருகில் போக வேண்டாம்.

எங்கள் ஊரிலும் அப்படித்தான். பம்புகளை நிறுத்தியதிலிருந்து கீழே தண்ணீர் நிறைந்துகொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் எங்காவது தரை உள்வாங்கும். யாராவது வந்து முள்கம்பி கட்டிவிட்டுப் போவார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். நான் அந்த மலையைப் பட்டியலில் அடித்துவிட்டேன்.

இரண்டாவது யூட்டாவில். சறுக்கும் சரிவில் சுத்தியல் குறி இல்லை. ஆனால் மலையின் மறுபக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கம் தோண்டியவர்கள் எவ்வளவு தூரம் இந்தப் பக்கம் வந்திருப்பார்கள் என்று வரைபடம் சொல்லாது. ‘இருக்கலாம்’ என்று எழுதினேன்.

மூன்றாவது வயோமிங்கில். மிகத் தூரம், மிகக் குளிர், வாடகையும் அதிகம். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒன்றுமே இல்லாத வெற்று நிறமாகும்வரை பார்த்தேன். எந்தக் குறியும் இல்லை. கெட்டியான பாறை, தோண்டி எடுக்கும்படி எதுவும் இல்லை என்று ஓரிடத்தில் படித்தேன். கடைசிக் கட்டத்தில் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதினேன். எழுதியபிறகு அன்று முதல்முறையாகப் பசித்தது.

முந்தின நாள்தான் நாங்கள் முள்கம்பிக்குப் போய்வந்திருந்தோம். கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்படித்து, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். எங்கள் நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, கல்லறை இல்லை. அதனால் எங்கள் ஊரின் பாலகாட் பக்கம் ஷாப்டை அடைத்துக் கட்டியிருக்கும் கம்பிவேலியில் மாலையை மாட்டிவிட்டு வருவோம். காற்றில் மெழுகுவத்தி நிற்காது என்பதால் அதைக் கொண்டுபோவதில்லை.

நைனா வெடிவைப்பவர். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பாலகாட்டில் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருந்தோம். அவர் வேலை செய்தது ஆழம் குறைந்த ஒரு பழைய பகுதியில், கிட்டத்தட்ட எங்கள் லைனுக்கு நேர் கீழே. பாறையில் எத்தனை துளை போட்டு வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும். காலையில் பூட்ஸ் கயிற்றைக் கட்டும்போது அந்த எண்ணை மட்டும் என்னிடம் சொல்வார். “இன்னிக்கு பதினெட்டு.” ஷிப்ட் முடியும் நேரத்தில் வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. உள்ளங்காலில் தரை ஒரு தட்டுத் தட்டும். அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசும். நான் சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்து எண்ணுவேன்.

அது விளையாட்டு இல்லை. ஒன்று குறைந்தால், வெடிக்காத மருந்து ஒன்று உள்ளே இருக்கிறது என்று பொருள். நைனா காத்திருந்து அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் மேலே வருவார். அதனால் எண்ணிக்கை குறைந்தால் அம்மா குழம்பை இறக்கிவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவாள். சரியாக இருந்தால் தட்டு எடுத்துவைப்பாள். லைனில் எங்கள் வீட்டில் மட்டும்தான் சோறு எப்போதும் சூடாக இருக்கும் என்று நைனா பெருமையாகச் சொல்வார். வந்ததும் கை கழுவிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் கேட்பார்.

“கணக்கு சரியா வந்துச்சா?”

“வந்துச்சு நைனா” என்பேன். அவ்வளவுதான்.

கடைசி நாள் அவர் சொன்னது இருபத்திரண்டு. இருபத்திரண்டும் வந்தது. நான் சரி என்றேன். அம்மா சோறு போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினாள். அதன்பிறகு இன்னொன்று வந்தது. அது தட்டவில்லை. தரை பக்கவாட்டில் நகர்ந்தது. அலமாரி சாய்ந்து, பாத்திரங்கள் எல்லாம் வாசல்வரை உருண்டன. பாறை தானாகவே வெடித்துச் சரிவதை இங்கே ராக் பர்ஸ்ட் என்பார்கள். யாருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லைனில் இருந்த பெண்கள் எல்லாரும் கதவைக்கூடச் சாத்தாமல் ஷாப்டை நோக்கி ஓடினார்கள். நைனா இருந்த லெவல், அந்த ஆழத்துச் சுரங்கப்பாதை, மூடிக்கொண்டது. பல நாள் தோண்டினார்கள். பிறகு சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள்.

என் கணக்கு சரியாக இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. இதை நான் அம்மாவிடம் அவள் இருந்தவரை பேசியதில்லை; என் கணவரிடமும் சொன்னதில்லை. என் மகனுக்குத் தாத்தா சுரங்கத்தில் போனார் என்பது மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் மகனை அழைத்தேன்.

“மூணாவது மலை” என்றேன்.

“அதான் ரொம்ப தூரம் மம்மி. ஏன் அது?”

“அடியில ஒண்ணும் இல்ல.”

 “சரி. இத ஃப்ரெண்ட்ஸ்கிட்ட இன்னான்னு சொல்றது?”

“பனி நல்லா இருக்குமாம்னு சொல்லு.”

என் கணவர் பக்கத்திலிருந்து கத்தினார். “டேய், போர்வை எத்துனு போடா. உங்கம்மா பாத்து வெச்ச ரூம்ல போர்வை தர மாட்டான்.”

“டாடி, அது ஹோட்டல்.”

“ஹோட்டல்னா? நாங்க பாக்காத ஹோட்டலா?”

மகன் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. நான் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று நினைத்தேன். டிசம்பர் முழுக்க அந்த மலையின் குளிரைக் கைப்பேசியில் பார்த்து, டைரியில் குறித்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரியில், அவர்கள் போய்ச் சேர்ந்த மறுநாள், எங்களுக்கு இரவு எட்டு மணி ஆகும் நேரத்தில் வீடியோவில் அழைத்தான். அங்கே விடிந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக மலையைக் காட்டினான். எல்லாம் நீலமாக இருந்தது. மரங்கள் மட்டும் கறுப்பு. சறுக்குபவர்களை ஏற்றிச்செல்லும் லிஃப்டின் கம்பிகள் மேலே போய் மேகத்துக்குள் மறைந்தன. அவற்றில் தொங்கிய இருக்கைகள் காலியாக இருந்தன.

“கேஜுக்குக் கதவே இல்ல” என்றார், சுரங்கத்தில் ஆளை இறக்கும் கூண்டையே நினைத்த கணவர். “எப்படிடா உக்காருவீங்க?”

அவன் பதில் சொல்வதற்குள் தூரத்தில் ஒன்று தட்டியது. பிறகு இன்னொன்று.

கணவர் டீ டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். மூன்றாவது வந்தது. நான் சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்து போனேன் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் வெடி நின்று இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இந்த வீட்டின் தரை அசையவில்லை, பாத்திரங்கள் அசையவில்லை. ஆனாலும் என் உள்ளங்கால் அதை வாங்கிக்கொண்டது.

“கேட்டுச்சா?” என்றான் மகன். “குண்டு போடறாங்க மம்மி. நைட்டு பெஞ்ச பனி நாம போறப்ப சரிஞ்சு மேல விழக்கூடாதில்ல, அதுக்கு காலைலயே வெடி வெச்சு இவங்களே எறக்கிடறாங்க. டெய்லி உண்டாம். செம்மயா கீது.”

“எத்தனை?” என்றேன்.

“இன்னா எத்தனை?”

“எத்தனை வெடி வைக்கிறாங்க?”

“அது யாருக்குத் தெரியும்?”

“எனக்கு ஏழு” என்றார் கணவர், டம்ளரைக் கீழே வைத்து.

“ஒம்பது” என்றேன்.

“ஏழுதான்மே. ரெண்டு எதிரொலி.”

மகன் எங்கள் இருவர் முகங்களையும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் எப்படித் தெரிந்தோமோ தெரியாது. அவனுடைய குரல் தணிந்துவிட்டது.

“மம்மி. நீ போகாதன்னு சொல்லு, நான் ரூம்லயே கீறேன். அவங்க போவட்டும். நெஜமாத்தான் சொல்றேன். கோவம்லாம் இல்ல.”

பட்டியலில் இல்லை என்று சொன்னதை அவனே எடுத்து என் முன்னால் வைத்துவிட்டான். ஒரு சொல் போதும். எத்தனையோ முறை சொன்ன சொல். நாக்கில் அது தயாராக இருந்தது. அவனுக்குப் பின்னால் ஒரு நண்பன் குனிந்து தன் பூட்ஸை மாட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

“போய்ட்டு வா” என்றேன். “ஆனா நாளைக்கு வெடி வைக்கிறவங்ககிட்ட முன்னாலயே கேட்டு, எத்தனைன்னு எனக்குச் சொல்லணும்.”

“எதுக்கு?”

“நான் எண்ணணும்.”

அன்று அவன் பனியில் மல்லாந்து விழுந்து கிடக்கும் படம் ஒன்று அனுப்பினான். கணவர் அதைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் காட்டினார்.

மறுநாள் இரவு அதே நேரத்தில் அழைத்தான். வெடி எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறவர்களில் ஒரு பெண், கிளம்பும்முன் ஹோட்டல் கீழ்த்தளத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தாளாம். இவன் போய்க் கேட்டிருக்கிறான். எதற்கு என்றாளாம். என் மம்மி ஊரிலிருந்து எண்ணுவார்கள் என்று சொல்லியிருக்கிறான்.

“சிரிப்பாங்கன்னு நெனச்சேன். சிரிக்கல மம்மி. பதினாறுன்னாங்க. பையில போடறப்பவே எண்ணித்தான் போடுவாங்களாம். ஒண்ணு வெடிக்கலன்னாலும் அந்தப் பக்கம் யாரையும் விட மாட்டாங்களாம்.”

“தெரியும்” என்றேன்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

நான் பதில் சொல்வதற்குள் முதலாவது வந்துவிட்டது. அவன் கைப்பேசியை ஜன்னல் ஓரத்தில் வைத்தான். திரையில் வானம் மட்டும் தெரிந்தது. சில சமயம் இரண்டு அடுத்தடுத்து வந்தன. சில சமயம் வெகுநேரம் ஒன்றும் வராமல், மகன் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. கணவர் விரல்களை மடக்கிக்கொண்டே வந்தார். நான் விரலைப் பயன்படுத்துவதில்லை. பதினாறு வந்தது.

“சரியாப் போச்சு” என்றார் கணவர். “இந்த வாட்டி எதிரொலிய விட்டுட்டே. வாமே, டீ ஆறுது.”

நான் சுவரை விட்டு நகரவில்லை. கணக்கு முடிந்தபிறகு வருமே ஒன்று, அதற்காக நின்றுகொண்டிருந்தேன். அதை எந்தப் பையிலும் எண்ணிப் போடுவதில்லை. காபி குடித்த அந்தப் பெண்ணுக்கும் அது தெரியாது. அடியில் ஒன்றும் இல்லை என்று நான் எழுதிவைத்த மலையில், அது மேலேயிருந்து வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

“மம்மி? ஓபன் பண்ணிட்டாங்க. போறேன்.”

“ம்” என்றேன்.

அன்றிரவு சாப்பிட உட்காரும்போது மூன்று தட்டுகள் எடுத்திருந்தேன். கணவர் பார்த்தார். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

அங்கே லிஃப்ட்களை நிறுத்தும் மாலைநேரம் எங்களுக்கு விடியற்காலை. நான் எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தேன். பெங்களூர் வேலைக்காரர்களின் முதல் ரயில் மாரிகுப்பத்தில் ஹாரன் அடித்தது. தெருவில் யாரோ டிபன் பாக்ஸோடு ஓடும் சத்தம் கேட்டது. அப்போது கைப்பேசி அடித்தது. இந்தமுறை வீடியோ இல்லை.

“முழிச்சினு கீறியா மம்மி?” மூச்சு வாங்கப் பேசினான். பின்னால் நண்பர்கள் சிரித்தார்கள். கனமான பூட்ஸ்கள் மரத்தரையில் நடந்தன. “இப்பத்தான் கீழ எறங்கினோம். கடைசி லிஃப்ட் வரைக்கும் போனேன். கையெல்லாம் மரத்துப்போச்சு.”

 அந்தப் பக்கம் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெந்நீரில் கையைக் காட்டுகிறான் போலிருந்தது. தண்ணீர் விழும் சத்தத்தினூடே, தலையை வேறு பக்கம் வைத்துக்கொண்டு பேசுவது போன்ற குரலில் கேட்டான்.

“காலைல கேக்க மறந்துட்டேன். கணக்கு சரியா வந்துச்சா?”

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் அதை இறக்காமல் நின்றேன்.

“வந்துச்சு” என்றேன்.

அந்தப் பக்கம் குழாய் நின்றது.